பெரட்டில் அழைத்த பெயர்

சங்கிலி அன்றைக்கும் சாகவில்லை.

கூட வந்த இருவரும் மரத்தில் ஏறிக்கொண்டார்கள். அவன் ஏறவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, பசியோடு வந்த புலிக்கு எதிரே நின்று விசிலடித்தான்.

மேசைக்கு அந்தப் பக்கம், பிஸ்கட் அட்டைப்பெட்டியை வெட்டி மடித்த தடுப்புக்குப் பின்னால், புவனேசன் பகடையை உருட்டினான். குனிந்து பார்த்தான்.

"ரெண்டு," என்றான். "புலி பாஞ்சுச்சு. கால் வழுக்கி ஓடைல விழுந்துருச்சு."

மகேந்திரன் சிரித்துவிட்டான். "இது காட்டுப் புலியா, சர்க்கஸ்ல பென்சன் வாங்குன புலியாலா?"

"நீ மரத்துலதான இருக்க. எறங்கிப் பாரு," என்றாள் ஷர்மினி.

சங்கிலியாக விளையாடிய சத்தியசீலன் சிரிக்கவில்லை. புலி வழுக்கி விழுந்தது அந்த மாதத்தில் நடந்த நாலாவது அதிசயம். அதற்கு முந்தைய வாரம் சங்கிலி விஷக் காளானைத் தின்றான், ஏப்பம்தான் வந்தது. அதற்கும் முன்னால் மலையுச்சியிலிருந்து குதித்தான்; கீழே லோரி நிறைய பஞ்சு மெத்தை.

விளையாட்டு எளிதானது. மேசையைச் சுற்றி உட்காருபவர்களுக்கு ஆளுக்கொரு கேரக்டர். அந்தக் கேரக்டராகவே யோசித்து, அந்தக் கேரக்டராகவே பேச வேண்டும். ஒருவன் மட்டும் கேம் மாஸ்டர். காடும் மழையும் புலியும் பேயும் அவன்தான். என்ன செய்யப் போகிறாய் என்று அவன் கேட்பான். செய்வது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் பலிக்கும். புலிக்கும் அதே சட்டம்தான்.

ஞாயிறு மதியம், கோல சிலாங்கூரில் புவனேசன் வீட்டு முன்கூடத்தில் உட்காருவார்கள். அவன் கட்டிய உலகத்துக்குக் கருங்காட்டுத் தோட்டம் என்று பெயர். கைவிட்ட ரப்பர் தோட்டம். தொழிலாளர் லயங்களில் ஆள் கிடையாது. ஆனால் விடியும் நேரத்தில் செத்துப்போன மண்டோர் ஒருவன், அந்தத் தோட்டத்துக் கங்காணி, வந்து பெரட்டு எடுப்பான். வேலைக்கு அனுப்புமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் வாசிப்பார்களே, அந்தப் பெரட்டு. மண்டோர் வாசிக்கும் பெயருக்கு யார் பதில் கொடுக்கிறார்களோ அவர்கள் அவனுடைய வரிசையில் போய் நிற்க வேண்டியதுதான். திரும்ப முடியாது.

அந்த மேசையில் புவனேசனுக்கு எமன் என்று பெயர். சும்மா வந்த பெயர் இல்லை. அவன் வேண்டுமென்றே கொல்வான். மகேந்திரனின் மந்திரவாதியைக் கிணற்றில் தள்ளினான். ஷர்மினியின் மருத்துவச்சியை அவள் வளர்த்த பாம்பையே விட்டுக் கடிக்கவைத்தான். "பயம் இல்லாத எடத்துல வெளையாட்டு இல்லலா," என்பான். எல்லாரும் அவனைத் திட்டுவார்கள். அடுத்த ஞாயிறு அரை மணி முன்னதாகவே வந்து உட்காருவார்கள்.

செத்தவர் சும்மா உட்காரக் கூடாது என்பது மேசையின் வழக்கம். சமையலறைக்குப் போய் எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கிவர வேண்டும். இனிப்பான கெட்டிப்பால் டின்னும் அவர் செலவு. அதனால் புவனேசன் யாரைக் குறிவைத்திருக்கிறானோ, அவர் பெயரைப் போட்டு வெள்ளிக்கிழமையே வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி அனுப்பிவிடுவான்: பால் டின் வாங்கிட்டு வா.

நிருபாவுக்கு மூன்று முறை அந்த வரி வந்தது. மூன்று முறையும் டின் வாங்கிவந்தாள். மூன்று முறையும் அதைத் திறக்காமலே பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். செம்பா என்கிற திருடியாக அவள் விளையாடினாள். செம்பாவை மடக்க எமனால் முடியவில்லை. ஒருமுறை அவன் வைத்த பொறியிலிருந்து பூட்டைத் திருடிக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், பைக்கின் பின்னால் உட்கார்ந்து, அதைச் சத்தியசீலனின் முதுகுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நாலாவது முறை புவனேசன் ஜெயித்தான். மறு வாரம் நிருபா இறந்துபோனாள். விளையாட்டில் இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, கண்ணாடி முன்னால், சீப்பு கையில் இருக்க. சத்தியசீலனுக்கு அவள் மனைவி. கல்யாணமாகி இரண்டு வருஷம் நிறையவில்லை.

மேசை பல மாதம் மடித்துக் கிடந்தது. ஷர்மினிதான் திரும்பக் கூட்டினாள். நாலு பேர் உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து கருங்காட்டுத் தோட்டத்தில் ஒரு கோழிகூடச் சாகவில்லை.

சத்தியசீலனுக்குச் செரண்டாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. ஒரு இயந்திரம் எப்போது பார்த்தாலும் நல்ல எண்ணையே காட்டினால், முதலில் இயந்திரத்தைச் சந்தேகப்பட வேண்டும். சம்பளம் வாங்குவதே அதற்குத்தான். புலி ஓடையில் விழுந்து கிடக்கும்போது அவன் தண்ணீர் ஜாடியை எடுக்க எழுந்தான். போகிற போக்கில் தடுப்புக்குப் பின்னால் பார்த்தான்.

பகடை பத்தொன்பதைக் காட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தான். கிளம்பும்போது இன்னொன்றையும் கவனித்தான். புவனேசனின் பூனைக்குக் கிராணி என்று பெயர். தோட்டத்து ஆபீஸ் கிராணிபோல வேலை செய்யாமல் எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பதால் நிருபா வைத்த பெயர் அது. வாசலில் படுத்திருந்த பூனையைப் புவனேசன் "ச்சூ, ச்சூ" என்று கூப்பிட்டான். பூனை திரும்பவில்லை. "ஏய் பூனை" என்றான். அப்போதும் திரும்பவில்லை. கடைசியில் தூக்கிக்கொண்டு போனான்.

பைக்கில் ஏறிய பிறகு சத்தியசீலன் யோசித்துப் பார்த்தான். மச்சான், தங்கச்சி, நீ, அங்க இருக்கிறவன். இத்தனை மாதத்தில் புவனேசன் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

*

புவனேசன் பாசிர் பெனம்பாங்கில் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் கணக்கு எழுதினான். சத்தியசீலன் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அங்கே போனான். படகுகள் வந்திருந்தன. ஐஸ் கட்டிகளை அரைத்துக் குழாய் வழியாக மீன் பெட்டிகளில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். புவனேசன் படிக்கட்டில் நின்று, கீழே இருந்த ஆளைக் கூப்பிடக் கை தட்டினான். அந்த ஆள் நிமிரவில்லை. மறுபடியும் தட்டினான்.

"பேரச் சொல்லிக் கூப்ட்டா திரும்புவான்," என்றான் சத்தியசீலன்.

புவனேசன் திரும்பிப் பார்த்தான். "மச்சான். என்னா இந்தப் பக்கம்? மீனு வாங்கவா?"

"புலிக்கு பத்தொம்போது விழுந்துச்சு. நீ ரெண்டுன்ன."

"பாத்துட்டியா."

"பாத்தேன்."

"கேம் மாஸ்டரு டைஸ மாத்துறது உலகத்துல இல்லாததா? போலா."

"நீ மாத்த மாட்ட. எமன் மாத்த மாட்டான். என்னா விசயம்?"

இருவரும் ஆற்றோரம் வந்து நின்றார்கள். எதிர்க்கரையில் குரங்குகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. புவனேசன் வாயைத் திறந்து நாக்கை நீட்டினான். நுனிக்குக் கொஞ்சம் உள்ளே, பொட்டு வைத்ததுபோல ஒரு கறுப்பு. எல்லாருக்கும் தெரிந்த கறுப்புதான். கருநாக்கு, கருநாக்கு என்று மேசையில் எத்தனையோ நாள் கேலி செய்திருக்கிறார்கள்.

"என் வாய் சரியில்ல மச்சான்," என்றான். "சின்னதுல பக்கத்து வீட்டு லோரி கவுந்துரும்னு சொன்னேன். கவுந்துச்சு. அம்மா வாய்ல மொளகாத் தூளப் போட்டாங்க."

"அந்த லோரிக்கு பிரேக்கே கெடையாதுன்னு நீதான சொல்லிருக்க."

"சிரிக்காத."

"சிரிக்கல."

"அன்னைக்கு பெரட்டுல கடைசியா நான் செம்பான்னு கூப்டல. அவ பேரச் சொல்லிக் கூப்டேன்."

சத்தியசீலனுக்கு நன்றாக நினைவிருந்தது. மண்டோர் வரிசை வரிசையாகப் பெயர் வாசித்துக்கொண்டு வந்தான். செம்பா, செம்பா, செம்பா. நிருபா உதட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புவனேசன் சலித்துப் புத்தகத்தை மூடினான். சோம்பல் முறித்தான். "போதும்லா, ஒரு டீ குடிப்போம்," என்றான். எல்லாரும் தளர்ந்து உட்கார்ந்தார்கள். அப்போது சாதாரணக் குரலில், "நிருபா," என்றான். "என்ன?" என்றாள் அவள்.

"மண்டோர் கூப்பிட்டான். நீ பதில் சொல்லிட்ட. நீ செத்துட்ட," என்றான் எமன்.

மேசை அதிர்ந்தது. மகேந்திரன் நாற்காலியோடு விழுந்தான். இது களவாணித்தனம் என்று ஷர்மினி கத்தினாள். நிருபா வாயடைத்துப் போய்ப் பார்த்துவிட்டு, எழுந்து, புவனேசனுக்கு ஒரு கும்பிடு போட்டாள். "ஒத்துக்கிறேன்டா எமதர்மா," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கலக்கப் போனாள். வஞ்சம் தீர்க்கப் பால் டின்னில் முக்கால்வாசியை ஊற்றிக்கொண்டு வந்தாள். அதைவிட நல்ல பொறியை அந்த மேசை பார்த்ததில்லை.

"கூப்டேன். பதில் சொன்னா. போய்ட்டா," என்றான் புவனேசன்.

"மூளைல ஒரு நரம்பு வெடிச்சுச்சு. பொறக்கும்போதே மெலிசா இருந்த நரம்புன்னு டாக்டர் சொன்னாரு. நீயும் பக்கத்துலதான் நின்ன."

"நின்னேன்."

"அவ பொறந்தப்ப உனக்கு ஒரு வயசு. அப்பவே கூப்ட்டியா?"

"அது அறிவுக்குத் தெரியுது மச்சான்." புவனேசன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். "இங்க தெரியல. ஒரு பேரு வாய் வரைக்கும் வருது, அப்படியே நிக்குது. என்னை விட்ரு. விளையாட்ட மட்டும் விட்றாத. நீ வீட்டுல தனியா இருந்தா அதுவும் எனக்குப் பயமா இருக்கு."

கீழே யாரோ அவனைத் தேடினார்கள். அவன் போனான்.

சத்தியசீலன் பத்தாங் பெர்ஜுந்தை வழியாகத் திரும்பினான். இரண்டு பக்கமும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. நேரான சாலை. யோசிக்க நிறைய இடம் இருந்தது.

அலுவலகத்தில் அவளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நிருபாவின் அப்பா வைரவநாதன் போனில் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவார். அவளைத் தெரிந்தவர்கள், அவளோடு சண்டை போட்டவர்கள், அவளிடம் தோற்றவர்கள் அந்த மேசையில்தான் இருந்தார்கள். அந்த மேசையிலும் அவள் பெயரைச் சொல்ல முடியாது. புவனேசன் முகம் கறுத்துவிடும் என்று மற்ற இருவரும் விழுங்கிக்கொள்வார்கள். திருட்டுப் பூட்டைப் பற்றிப் பேச ஆள் இல்லை. ஒருவன் தொண்டையில் அவள் பெயர் சிக்கிக் கிடந்தது. அவன் வாயைத் திறந்தால்தான் மற்ற வாய்கள் திறக்கும்.

அறிவுக்குச் சொல்லிப் பார்த்தாயிற்று. வேறு வழி ஒன்று இருந்தது. சத்தியசீலன் அதைச் செய்வதென்று முடிவு செய்தபோது ராவாங் வந்திருந்தது.

*

அடுத்த ஞாயிறு அவன் வந்து உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு பால் டின்னை எடுத்து மேசை நடுவில் வைத்தான்.

மகேந்திரன் டின்னைப் பார்த்தான். புவனேசனைப் பார்த்தான். "மெசேஜ் ஒண்ணும் வரலயே."

"நானே கொண்டாந்தேன்."

நிருபா திறக்காமல் கொண்டுபோன மூன்றில் மிஞ்சியது அது. காலாவதி தேதி தாண்டவில்லை. அதை முதலிலேயே பார்த்துவிட்டான்.

"உன் ஆளு என்னா பண்றான்?" என்று புவனேசன் தடுப்புக்குப் பின்னாலிருந்து கேட்டான்.

"பெரட்டுக் களத்துக்குப் போறான்."

புவனேசன் தலையைத் தூக்கவில்லை. "பாலம் ஒடைஞ்சிருக்கு."

"நீந்துறான்."

"ஆத்துல முதலை."

"டைஸ உருட்டு. வெளிய உருட்டு, நாங்க பாக்குற மாதிரி."

புவனேசன் உருட்டவில்லை. "முதலை தூங்குது," என்றான். அதற்குப் பிறகு வெள்ளம் வந்தது. யானைக் கூட்டம் வந்தது. வனத்துறை அதிகாரி வந்து பாதையை மூடினார். சங்கிலி ஒவ்வொன்றாகக் கடந்தான். அதிகாரியிடம் வணக்கம் சொல்லிவிட்டு வேலிக்கு அடியில் நுழைந்தான். மகேந்திரன் முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பதை நிறுத்தினான்.

"களத்துக்கு வந்துட்டேன். விடியுது," என்றான் சத்தியசீலன். "மண்டோர் வர்றானா?"

"இன்னைக்கு அவனுக்கு லீவு."

"பேய்க்கு ஏதுலா லீவு," என்றான் மகேந்திரன், தன்னை அறியாமல்.

ஷர்மினி பென்சிலைக் கீழே வைத்தாள். "அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனைக்காதீங்க. புலி முன்னாடி நிக்கிறீங்க, மலைலேந்து குதிக்கிறீங்க. உங்களுக்கு..." நிறுத்தினாள். "நீங்க சாகணும்னு நெனைக்கிறீங்களா?"

"சங்கிலி சாகணும். நான் நாளைக்கு எட்டு மணி ஷிப்டுக்குப் போகணும்."

"அப்ப எதுக்கு?"

"இவன் என்னைக் காப்பாத்துறான். இவன் வாயாலதான் நிருபாவுக்குச் சாவு வந்துச்சுன்னு நம்புறான். அதான் நம்ம யாரையும் பேர் சொல்லிக் கூப்டுறதில்ல. பூனையகூட."

நிருபா என்கிற பெயர் மேசைமேல் விழுந்ததும் ஷர்மினி புவனேசன் பக்கம் திரும்பினாள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"மண்டோரக் கூப்டச் சொல்லு," என்றான் சத்தியசீலன்.

புவனேசன், "சங்கிலி," என்றான்.

சத்தியசீலன் பதில் சொல்லவில்லை.

"சங்கிலி."

"அது இல்ல. என் பேரு."

"முடியாது."

"அவளைக் கூப்ட்ட மாதிரி கூப்டு."

"டேய், முடியாதுன்னு சொல்றேன்ல."

சமையலறை வாசலில் வேலம்மா வந்து நின்றார். புவனேசனின் அம்மா. கையில் வடை மாவு ஒட்டியிருந்தது. "யாரும் யாரையும் கூப்டவேணா," என்றார். "வெளையாடுனது போதும். எல்லாரும் எழுந்திரிங்க. வடை போடுறேன்."

"அம்மா, ஒரு நிமிசம்."

"என்னாப்பா ஒரு நிமிசம்? அவன் நாக்கப் பத்தி உனக்குத் தெரியாது. பெத்தவளுக்குத் தெரியும். ஒருத்திய வாரிக் குடுத்தது போதாதா?"

புவனேசன் கண்ணை மூடிக்கொண்டான். வீட்டிலும் இது தினம் நடக்கிற பேச்சு என்று சத்தியசீலனுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் எழுந்து போய் வேலம்மாவுக்கு முன்னால் நின்றான்.

"அம்மா, இவன் வாய்க்கு அம்புட்டு சக்தி இருந்தா ஐஸ் கம்பெனில எதுக்குக் கணக்கு எழுதுறான்? லாட்டரிக்கு நாலு நம்பர் சொல்லச் சொல்லுங்க, எல்லாரும் வாங்குவோம்."

மகேந்திரன் இருமினான். வேலம்மா சிரிக்கவில்லை, ஆனால் மாவுக் கையைக் கீழே இறக்கினார்.

"என் பொஞ்சாதியப் பத்தித்தான் பேசுறோம்," என்றான் சத்தியசீலன் மெதுவாக. "இவன் கூப்டு அவ போகல. அவ உடம்புல இருந்தது அவளக் கொண்டு போச்சு. அந்தத் துக்கம் எனக்கு வேணும்மா. யாரு மேலயும் பழி இல்லாம, அப்படியே வேணும். இவன் பாதிய எடுத்து வச்சிக்கிட்டிருக்கான்."

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி ஒரு வருஷம் இருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தான். பிஸ்கட் அட்டைத் தடுப்பை எடுத்து மடித்துத் தரையில் வைத்தான். இப்போது புவனேசனின் முகம் முழுதாகத் தெரிந்தது. வியர்த்திருந்தது.

"நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?" என்றான் புவனேசன்.

"உனக்கா எனக்கா?"

"உனக்கு."

"அப்ப நீ சொன்னது சரி, நான் தோத்துட்டேன். நாளானிக்கு வந்து என் மூஞ்சிக்கு நேரா சொல்லு."

"பொணத்துகிட்டயா?" என்றான் மகேந்திரன். ஷர்மினி அவன் காலை மிதித்தாள்.

புவனேசன் சிரித்துவிட்டான். பாதிச் சிரிப்பு, பாதி வேறு ஏதோ. அது அடங்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். அவன் முகத்தைச் சட்டையில் துடைத்தான். நிமிர்ந்து உட்கார்ந்தான். உட்கார்ந்த விதத்திலேயே கொஞ்சம் பழைய ஆள் தெரிந்தான்.

"பனி எறங்குது," என்றான். "களத்துல வரிசை நிக்குது. முன்னாடி நிக்கிறவனுக்கு முகம் இல்ல. மண்டோர் விளக்கோட வர்றான். பேரு வாசிக்கிறான். ஒவ்வொரு பேருக்கும் ஒரு ஆளு பதில் சொல்றான். சத்தம் தரைக்கு அடிலேந்து வருது. மண்டோர் உன் முன்னாடி வந்து நிக்கிறான். விளக்கத் தூக்குறான்."

நிறுத்தினான். வேலம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தியசீலன்," என்றான் புவனேசன்.

"இருக்கேன்," என்றான் சத்தியசீலன்.

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. பூனை எழுந்து, இடம் மாறிப் படுத்தது.

புவனேசன் மூச்சை விட்டான். பிறகு சங்கிலியைக் கொன்றான். அவசரப்படவில்லை. சங்கிலி வரிசைக்கு நடந்தது, ஒவ்வோர் அடிக்கும் ஒரு சத்தம் அவன் காதிலிருந்து விலகியது, கத்தி கையிலிருந்து நழுவியது, எல்லாவற்றையும் சொன்னான். வரிசையில் பக்கத்து இடத்தில் ஒருத்தி நின்றாள். சங்கிலி திரும்பிப் பார்த்தான். செம்பா. இடுப்பில் ஒரு பூட்டு தொங்கியது.

"திருட்டுப் பூட்டு," என்றாள் ஷர்மினி.

"நிருபா அதத் திருப்பித் தரவே இல்லலா," என்றான் மகேந்திரன். "எத்தன தடவ கேட்டேன். என் மந்திரவாதி அந்தப் பூட்டு இல்லாமத்தான் கெணத்துல விழுந்தான்."

"உன் மந்திரவாதி முட்டாப்பயல்னு அவ சொல்வா," என்றான் புவனேசன்.

"அவ சொல்லல, நீ சொன்ன."

"நிருபாதான் சொன்னா. நான் ஒத்துக்கிட்டேன்."

சத்தியசீலன் டின்னை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். முன்கூடத்தில் அவர்கள் அவளைப் பற்றி மாறி மாறிப் பேசுவது கேட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர் கொதித்தது. வேலம்மா பின்னாலேயே வந்தார். காய்ந்த மிளகாயும் உப்பும் கை நிறைய இருந்தன.

"நில்லு. சுத்திப் போடுறேன்."

அவன் நின்றான். இடமிருந்து மூன்று, வலமிருந்து மூன்று. அடுப்பில் போட்டபோது மிளகாய் கமறி இருவரும் இருமினார்கள்.

"நெடி அடிச்சா கண்ணு இல்லன்னு அர்த்தம்," என்றார் வேலம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அப்ப சரி."

"அவன இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார். கொஞ்சம் கழித்து, "நாளைக்கு ஒரு போன் மட்டும் போடு," என்றார்.

அவன் டின்னைத் திறந்து முக்கால்வாசியை ஊற்றினான். எல்லாரும் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். அவன் மட்டும் அடிவரை குடித்தான்.

*

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினான். செம்பனைச் சாலையில் ஒரு வளைவில் எதிரே லோரி வந்தது. பைக்கை ஓரம் கட்டி, அது போகும்வரை நின்றான். கைப்பிடியை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறான் என்பதை அப்போதுதான் பார்த்தான். வழக்கத்தைவிட மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தான். அது அவனுக்கே புதிதாக இருந்தது. இத்தனை மாதமாக இந்தச் சாலையில் எப்படி ஓட்டினான் என்று நினைவே இல்லை.

கண்ணாடியில் ஒரு வெள்ளை மைவி கார் தெரிந்தது. அதுவும் நின்றிருந்தது.

அவன் இறங்கி நடந்துபோய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினான். புவனேசன் கண்ணாடியை இறக்கினான்.

"எங்க போற?"

"சும்மா. ராவாங்ல ஒரு வேலை."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலமா?"

"பெட்ரோல் என் காசு. உனக்கு என்னா?"

"கொஞ்சம் தள்ளி வா. நீ இடிச்சு நான் செத்தா, அதுக்கும் நாக்க நீட்டுவ."

புவனேசன் தள்ளி வந்தான். செரண்டா வரை வந்தான். சத்தியசீலன் வீட்டுக் கதவைத் திறந்து விளக்கைப் போட்ட பிறகுதான் மைவி திரும்பியது.

திங்கள் காலையில் ஷிப்டுக்கு முன்னால் போன் அடித்தது.

"சத்தியசீலன்?"

"இருக்கேன்."

"சரி." வைத்துவிட்டான்.

செவ்வாயும் அடித்தது. புதனும் அடித்தது. வியாழனன்று கொஞ்சம் தாமதமாக அடித்தது. பின்னணியில் ஐஸ் அரைக்கும் சத்தம். யாரையோ, "சேது, அந்தப் பெட்டியத் தள்ளு," என்று கத்திவிட்டு, எதற்குக் கூப்பிட்டான் என்பதையே மறந்ததுபோல, "என்னா மச்சான்?" என்றான்.

வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. சத்தியசீலன் போனை மேசைமேல் வைத்துவிட்டு உதிரிப்பாகங்களை அளந்தான். மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது குழுவில் ஒரு வரி வந்திருந்தது.

ஷர்மினி, பால் டின் வாங்கிட்டு வா.

கீழே ஷர்மினி, முடிந்தால் கொன்று பார் என்று எழுதியிருந்தாள். மகேந்திரன் ஒரு பூட்டின் படத்தைப் போட்டிருந்தான். சத்தியசீலன் சோற்றைப் பிசைந்துகொண்டே தன் புதிய கேரக்டருக்குப் பெயர் யோசிக்கத் தொடங்கினான்.